மக்காத பலகை

1

என் மனைவி ஹபீபா மவுத்தாகி ஒரு வருஷம் ஆன அன்று காலையில் நான் அவளை அடக்கிய மையவாடியில் நின்றுகொண்டிருந்தேன். இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊர். பெயரைச் சொல்லி உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மழை பெய்யும், பெய்யாத நாளில் பெய்யப் பார்க்கும். அவ்வளவுதான் ஊர்.

கூத்தாநல்லூரிலிருந்து அவளுடைய அண்ணன் சாதிக் வீடியோவில் வந்தார். அங்கே மதியம் தாண்டிவிட்டது. வருஷ ஃபாத்திஹா ஓதி, நெய்ச்சோறு போட்டு, ஆட்களெல்லாம் கலைந்திருந்தார்கள். பின்னால் பெண்கள் தேக்சா கழுவும் சத்தம் கேட்டது. அவர் எனக்கு மச்சான், நான் அவருக்கு மச்சான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இரண்டு பேரும் அப்படித்தான் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொள்கிறோம்.

“தங்கச்சியைக் காட்டுங்க மச்சான்” என்றார்.

போனைத் திருப்பிக் கபரைக் காட்டினேன். கைகளை ஏந்தி ஓதினார். ஓதி முடித்து முகத்தைத் தடவிக்கொண்டவர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார். எனக்கு அவர் மூக்கு மட்டும் தெரிந்தது.

“ஏன் மச்சான், கபர் அமுங்கவே இல்லையே? வருஷம் ஆச்சே.”

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் மையத்தைப் பெட்டியோடு அடக்குவதில்லை. பெரிய குழிக்குள் ஒரு சின்னக் குழி வெட்டி, அதில் கஃபன் துணியோடு படுக்க வைத்து, மேலே குறுக்காகப் பலகை அடுக்கி, அப்புறம்தான் மண் தள்ளுவோம். கொஞ்ச காலத்தில் பலகை மக்கிவிடும், மேல் மண் அமுங்கும். வருஷ ஃபாத்திஹாவுக்கு வருகிறவர்கள் இரண்டு கூடை மண் கொண்டுபோய்ப் பள்ளத்தை நிரப்பிவிட்டு வருவது எங்கள் தெருப் பழக்கம்.

“என்ன பலகை போட்டீங்க?”

“எங்க கம்பெனிப் பலகைதான்.”

“நீங்க செய்யிறதா? பிளாஸ்டிக்குலயா?”

“ஆமா மச்சான். உறுதியா இருக்கும்னு…”

அவர் திரையிலிருந்து கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். தேக்சா சத்தம் நின்றுபோயிருந்தது. பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார். குரலில் திட்டு எதுவும் இல்லை.

“அது மக்காத குப்பையில்ல மச்சான்?”

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஊரில் குப்பை வண்டி ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, மக்கும் குப்பை பச்சைத் தொட்டியில், மக்காத குப்பை நீலத் தொட்டியில் என்று காலையெல்லாம் தெருத் தெருவாகக் கத்துகிறது. காதில் ஏறியது வாயில் வரும். ஆனால் என் பெண்டாட்டி மேல் நான் அடுக்கியதற்கு அதுவரை என்னிடம் தமிழில் ஒரு பெயர் இல்லாமல் இருந்தது. அன்று கிடைத்துவிட்டது.

“அப்புறம் பேசுறேன் மச்சான்” என்று வைத்துவிட்டேன். அழுகை வரவில்லை. ஒரு வருஷமாகவே வரவில்லை. மரத்துப் போச்சு என்பார்களே, அதுதான். கார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு நேராக வேலைக்குப் போனேன்.

2

ஊருக்கு வந்தால் என்ன வேலை என்று கேட்கிறார்கள். பலகை செய்கிறேன் என்பேன். “ஓ, அத்தா தொழிலையே பிடிச்சிட்டீங்களா?” என்பார்கள். இல்லைங்க, மரம் இல்லை, பிளாஸ்டிக் என்றால் உடனே பக்கெட்டா, ஸ்டூலா என்று வந்துவிடுவார்கள். இதை யாருக்கும் சரியாகச் சொல்லி முடித்ததே இல்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

இங்கே பால் பிளாஸ்டிக் கேனில் வருகிறது. குடித்துவிட்டு வாசலில் வைத்தால் அள்ளிக்கொண்டு போவார்கள். அது எங்கள் ஆலைக்கு மலைமலையாக வந்து சேரும். அரைத்து, கழுவி, உருக்கி, அச்சில் தள்ளினால் பத்தடிப் பலகை வெளியே வரும். பூங்காவில் பெஞ்சு, சதுப்பு நிலத்தின் மேல் நடைபாதை, ஏரியில் படகு கட்டும் துறை, பள்ளிக்கூடத்து வேலி என்று மழையில் நிற்க வேண்டிய எல்லாவற்றுக்கும் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள். கரையான் தொடாது. உளுக்காது. வர்ணம் அடிக்க வேண்டாம். ரம்பத்தால் அறுக்கலாம், திருகாணி போடலாம், எல்லாம் மரம் மாதிரியே. மேலே மர ரேகையைக்கூட அச்சிலேயே குத்தி அனுப்புகிறோம். அந்த ரேகையை முதல் நாள் பார்த்தபோது எனக்குச் சிரிப்பாக வந்தது. ஐந்து பலகைக்கு ஒருமுறை அதே கணு அதே இடத்தில் வரும்.

குறையும் இருக்கிறது. மரத்தைவிடக் கனம். ஆனால் மரத்தின் விறைப்பு கிடையாது, தாங்குகட்டையை நெருக்கி நெருக்கி வைக்காவிட்டால் நடுவில் தொய்யும். வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அதனால் இரண்டு பலகைக்கு நடுவில் கட்டாயம் இடைவெளி விட வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் அந்த இடைவெளிதான்.

ஹபீபா இதற்கு வைத்த பெயர் பொய்ப்பலகை. நான் வேலை முடிந்து வந்தால், “வாங்க பொய்ப்பலகை முதலாளி, இன்னிக்கு எத்தனை பொய்?” என்பாள். முதலாளியாவது ஒன்றாவது, நான் ஷிப்டு மேஸ்திரி. தெருவிலேயே பால் கேனைச் சோப்புப் போட்டுக் கழுவி வைக்கிறவள் அவள் ஒருத்திதான். “அங்கதான் கழுவுறாங்களே புள்ள, நீ வேற எதுக்கு?” என்றால், “நாத்தம் புடிச்சதை ஒருத்தர் கையில எப்படிங்க குடுக்கிறது?” என்பாள். குப்பை அள்ளுகிறவருக்குக்கூட அழுக்கைக் கொடுக்கக் கூசுகிற ஜென்மம் அது.

3

என் அத்தாவுக்குக் கூத்தாநல்லூரில் மரவாடி இருந்தது. மரவாடிக்கும் எங்கள் தெரு மையவாடிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதனால் யார் மவுத்தானாலும் முதல் ஆள் எங்கள் கடைக்குத்தான் வருவான். அத்தா எழுந்துபோய் மாமரப் பலகை எடுத்துக்கொடுப்பார். அதற்குக் காசு வாங்க மாட்டார். ஆனால் மாமரம் தவிர வேறு எதுவும் கொடுக்கவும் மாட்டார்.

ஒருமுறை பினாங்கில் கடை வைத்திருந்த பெரிய குடும்பத்தில் மவுத்து. “எங்க வாப்பாவுக்குத் தேக்குதான் போடணும், என்ன விலைன்னாலும் சரி” என்று வந்து நின்றார்கள். அத்தா தேக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் முதுகுக்குப் பின்னாலேயே தேக்கு அடுக்கு கூரையைத் தொட்டுக்கொண்டு இருந்தது. வந்தவர்களுக்கும் கண் இருக்கிறது அல்லவா, முறைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு மானம் போயிற்று. கஞ்சன், சும்மா கொடுப்பதற்கு மட்டமான மரம் என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். மாம்பலகை ஒரு மழைக்காலம் தாங்காது என்று மரவாடிக்காரன் மகனுக்குத் தெரியாதா?

அந்த மரவாடி எங்கள் கண் முன்னாலேயே ஓய்ந்தது. வெளிநாட்டுச் சரக்குக்குச் சர்க்கார் கதவைத் திறந்துவிட்ட காலம். மலேசியா மரம் கப்பலில் வந்து இறங்கிற்று. பிளைவுட் வந்தது. கழிப்பறைக்குப் பிளாஸ்டிக் கதவு, அப்புறம் ஜன்னல். வளைகுடாக் காசில் புது வீடு கட்டியவர்கள் பளபளவென்று வேண்டும் என்றார்கள். பிளாஸ்டிக் எங்கள் கடையை மூடியது, நான் போய்ப் பிளாஸ்டிக்கிலேயே விழுந்தேன். நடுவில் சவூதியில், தமாமில் ஏழு வருஷம், அப்புறம் ஒரு சொந்தக்காரர் ஓட்டலில் வேலை என்று இந்த ஊர். வயிற்றுப்பாடு, வேறென்ன சொல்ல?

இங்கே மையவாடியில் எங்களுக்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். பலகைகளை வைக்க ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒழுகும். பலகையெல்லாம் பூஞ்சை பிடித்துக் கறுத்துக் கிடக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்களாதேஷ்காரப் பெரியவரை அடக்கியபோது மண் விழுந்த வேகத்தில் கீழே ஒரு பலகை முறிந்தது. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவர் மகன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் நான்தான் முந்திக்கொண்டு கை தூக்கினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “எங்க ஆலையில விளிம்பு பிசகுன பலகை சும்மா கிடைக்கும். அளவா அறுத்து நான் கொண்டாந்து அடுக்கிடறேன். ஒடியாது, உளுக்காது” என்றேன். ஜமாஅத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். செயலாளர் என் தோளைத் தட்டி, நிரந்தர தர்மம் என்றார். “கம்பெனி ஆயுள் கியாரண்டி கொடுக்குது” என்று நான் ஒரு ஜோக் வேறு அடித்தேன். சிரித்தார்கள். யாருடைய ஆயுள் என்று கேட்க அங்கே ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை.

4

ஹபீபாவுக்கு வயிற்றில் கட்டி. கண்டுபிடித்ததிலிருந்து எல்லாம் சேர்த்து மூன்று மாதம். கடைசி ஐந்து வாரம் ஆஸ்பத்திரி. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் வரவில்லை.

அடக்கிய அன்று நான் செய்ததை மட்டும் எழுதுகிறேன். குழிக்குள் இரண்டு பேர் இறங்கினோம், நானும் ஒரு பஞ்சாபிக்காரரும். மேலேயிருந்து பலகையை ஒவ்வொன்றாக நீட்டினார்கள். நான் வாங்கி வாங்கி அடுக்கினேன். என் கையால் அறுத்த பலகை, விளிம்பைப் பார்த்தாலே எந்த மாதம் என்று சொல்லுவேன். ஹபீபாவின் மேல் மூன்றாவது பலகையை வைத்திருப்பேன். பஞ்சாபிக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“ஏன் பாய் இடைவெளி விடுறீங்க?”

பார்த்தேன். ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் அச்சுப் பிசகாமல் இடைவெளி. இருபது வருஷப் பழக்கம், கை அதுபாட்டுக்கு விட்டிருக்கிறது. வெயிலில் நீளுமாம். அந்தக் குழிக்குள் என்ன வெயில்? இடைவெளி விட்டால் மண் அவள் முகத்தில் விழும் என்று தெரியாத மடையனா நான்? எல்லாவற்றையும் நெருக்கி வைத்தேன். நெருக்கி முடித்துவிட்டு, பூங்கா வேலை முடிந்தால் ஒருமுறை தட்டிப் பார்ப்போமே, அப்படித் தட்டியும் பார்த்தேன். மேலே நின்றவர்கள் நான் துக்கத்தில் தட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஏறி வந்து கையைக் கழுவினேன். என் மகள் ரெய்ஹானா வீட்டில் பெண்களோடு இருந்தாள். “முடிஞ்சுதா அத்தா?” என்றாள். “முடிஞ்சுதும்மா, நல்லா கெட்டியா இருக்கு” என்றேன்.

5

மச்சான் கேட்ட அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் மாம்பலகைக்கு அர்த்தம் புரிந்தது. அத்தா கஞ்சன் இல்லை. சீக்கிரம் மக்குகிற மரம் எது என்று பார்த்துத்தான் எடுத்திருக்கிறார். மண்ணுக்கும் மையத்துக்கும் நடுவில் ரொம்ப நாள் எதுவும் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவனுக்கு இது எங்கே தெரியப்போகிறது?

அவளுக்கு மேலே இன்னும் அந்த மேடு அப்படியே நிற்கிறது. என் பேரப்பிள்ளைகள் வந்து பார்த்தாலும் நிற்கும். பலகையை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். கபரைத் திறந்து, அதை எடுத்துவிட்டு, மரம் போட்டு மூடிவிட வேண்டும். வேறு நினைப்பே இல்லாமல் ஆகிவிட்டது.

எங்கள் பள்ளிவாசலில் தொழ வைக்கும் ஹஜ்ரத் குஜராத்காரர், சின்ன வயது. பொறுமையாகக் கேட்டார். “நீங்கள் நல்லதை நினைத்துத்தான் செய்தீர்கள், அதில் குற்றம் இல்லை. இதற்காகக் கபரைத் திறக்கக் கூடாது. விட்டுவிடுங்கள்” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு நேராகக் கல்லறை அலுவலகத்துக்குப் போனேன். எனக்குப் பிடிவாதம் அப்படி.

அங்கே இருந்த அம்மாள் தங்கமானவர். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஐந்து பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். மேலிடத்து அனுமதி வேண்டும், சுகாதாரத்துறை ஆள் கூடவே நிற்க வேண்டும், நெருங்கிய சொந்தம் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கபர் எண், வரிசை, ஆழம் எல்லாம் எழுதினேன். கடைசியில் காரணம் என்று ஒரு கட்டம், இரண்டே வரி. ஒருத்தியை அடக்கிவிட்டு ஒரு வருஷம் கழித்து ஏன் திறக்கிறாய் என்பதை இரண்டு வரியில் சொல்ல வேண்டும். மரத்தை மாற்றுவதற்கு என்று சுருக்கமாக இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மாள் போன் செய்தார். ரொம்பத் தயங்கித் தயங்கிப் பேசினார்.

“ஐயா, நானே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் மனைவியின் கல்லறை மேல் மரம் எதுவும் இல்லையே. பக்கத்திலும் இல்லை. எந்த மரத்தைச் சொல்கிறீர்கள்?”

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. ‘வுட்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ட்ரீ’ என்று எழுதியிருக்கிறேன். நமக்கு நிற்பதும் மரம், அறுத்து வைத்ததும் மரம். இவர்களுக்கு நிற்பது வேறு, கிடப்பது வேறு. இத்தனை வருஷம் இங்கிலீஷில் ஆட்களை வேலை வாங்கியவன் நான். அந்தக் கட்டத்தை நிரப்பும்போது மட்டும் கை கூத்தாநல்லூருக்கே போய்விட்டது. அந்த அம்மாள் பாவம், மழையில் போய் இல்லாத மரத்தைத் தேடிவிட்டு வந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். வேறு படிவம் தபாலில் அனுப்புகிறேன் என்றார்.

6

புதுப் படிவத்துக்கு மகளுடைய கையெழுத்து வேண்டும். ரெய்ஹானா லண்டனில் இருக்கிறாள். மாதம் ஒருமுறை பேசுவாள். நான் சாப்டியா என்பேன், அவள் சாப்டேன், நீங்க என்பாள். ஹபீபா இருந்தவரை தாயும் மகளும் பேசுவதை நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் போன பிறகுதான் தெரிந்தது, எனக்கும் என் மகளுக்கும் நடுவில் சொந்தமாக ஒரு பேச்சும் இல்லை என்று.

கையெழுத்து வேண்டும் என்றதும் சனிக்கிழமை ரயிலில் வந்துவிட்டாள். சமையலறை மேஜையில் படிவத்தை வைத்தேன். எப்படிச் சொல்வது என்று ரயில் வரும்வரை யோசித்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

“அம்மாவுக்குப் போட்ட பலகையை மாத்தணும்மா. அது மக்காது.”

“மக்கா?” என்று நெற்றியைச் சுருக்கினாள். “மக்குன்னா ஸ்டுப்பிட்தானே? அம்மா என்னைச் சொல்லுவாங்களே, மேத்ஸ் போடும்போது. மக்கு, மக்குன்னு.”

“அது வேற மக்கு. இது… மண்ணோட மண்ணாப் போறது.”

“ஓ.”

படிவத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்தாள். தலைப்பில் இருந்த, கபரைத் திறப்பதற்கான இங்கிலீஷ் சொல் அவளுக்கு நன்றாகத் தெரியும். அதற்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும், வாயில் வரவில்லை. அவளாக ஏதோ ஒரு சொல்லைத் தேடுகிறாள் என்பது உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. ஹபீபாவும் மறந்த சாமானை அப்படித்தான் தேடுவாள்.

“அம்மாவை எழுப்பாதீங்க அத்தா” என்றாள்.

“எழுப்புறது இல்லம்மா இது…”

“தெரியும். வேற வேர்டு இருக்கும். எனக்குத் தெரியல.” பேனாவுக்கு மூடியைப் போட்டு வைத்துவிட்டாள். “ஹாஸ்பிடல்ல அந்த மெஷின் சத்தத்துல அம்மா தூங்கவே இல்ல. ஃபைவ் வீக்ஸ். நான் நைட்டு டியூட்டிக்கு லீவு போட்டுட்டுப் பக்கத்துல இருந்தேன்ல, எனக்குத் தெரியும். கண்ணை மூடுவாங்க, அது பீப் பீப்னு கத்தும், முழிச்சுப்பாங்க. என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. எனக்குத் தூக்கம் வேணும்டா, வேற எதுவும் வேணாம்னு சொன்னாங்க. இப்பதான் தூங்குறாங்க. பலகை எதுவா இருந்தா என்ன? எழுப்பாதீங்க.”

என்னிடம் ஹபீபா அப்படி எதுவும் சொன்னதில்லை. என்னிடம், சாப்டீங்களா, கதவைச் சாத்துனீங்களா என்றுதான் கேட்டாள். நான் பகலில் போய் உட்கார்ந்திருப்பேன், பக்கத்துக் கட்டில் அம்மாவின் புருஷனோடு பூங்கா பெஞ்சைப் பற்றிப் பேசுவேன், வந்துவிடுவேன். அவள் தூங்கவில்லை என்பதே எனக்குத் தெரியாது. என்ன மனிதன் நான் என்று அப்போது தோன்றியது. தோன்றியதே தவிர உள்ளே எங்கும் வலிக்கவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது.

படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை அந்த அம்மாளுக்குப் போன் செய்து, வேண்டாம் என்று சொன்னேன். “நல்லதுதான் ஐயா” என்றார்.

மச்சானுக்கும் சொன்னேன். “திறக்கலை மச்சான். ரெய்ஹானா வேணாங்குறா.”

“நான் அப்படிக் கேட்டிருக்கவே கூடாது மச்சான். சனியன், வாயில வந்துடுச்சு. அன்னையிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை.”

“உள்ளதைத்தானே கேட்டீங்க.”

“உள்ளதா இருந்தா மட்டும் கேட்டுடறதா?” என்றார்.  இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. மன்னார்குடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

7

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நானே எழுந்து நின்று சொல்லிவிட்டேன். இந்தப் பலகை வேண்டாம், மரமே போடுவோம், கொட்டகைக்கு நல்ல கூரை நான் போட்டுத் தருகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். “மக்காது” என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னாலும் அது விளம்பரம் மாதிரியே வருகிறது. நான் தடுமாறுவதைப் பார்த்து ஹஜ்ரத் எழுந்து இரண்டு வாக்கியத்தில் விளக்கினார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நடுவில் இந்தப் பலகையின் கீழ் போனவர்கள் ஹபீபாவோடு சேர்த்து ஐந்து பேர். மற்ற நாலு பேர் வீட்டுக்கும் தனித்தனியாகப் போய்ச் சொன்னேன். ஒருவரும் கோபப்படவில்லை. ஒரு வீட்டில் டீ கொடுத்தார்கள்.

மிச்சம் இருந்த பலகையில் மையவாடி வாசலுக்கு இரண்டு பெஞ்சு செய்யலாம் என்று முடிவாயிற்று. அதற்குத்தான் பிறந்தது அது. ஞாயிற்றுக்கிழமை கொட்டகையைக் காலி செய்யப் போனேன். நான் வரச்சொல்லவே இல்லை, ரெய்ஹானா அந்த வாரமும் வந்திருந்தாள், கூடவே வந்தாள். பெஞ்சுக்கு வேண்டியதை ஒரு பக்கம் அடுக்கினோம். எட்டுப் பலகையை மட்டும் நான் தனியாக எடுத்துச் சுவரோரம் சாத்தினேன்.

“அது எதுக்கு அத்தா?”

“ஒரு கபருக்கு எட்டு வேணும்.”

“இனிமே மரம்தானே? ஹஜ்ரத் சொன்னாங்கல்ல.”

“எல்லாருக்கும் மரம்தான். இது எனக்கு.”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் வெளிறிவிட்டது.

“அத்தா, அது மக்காதே” என்றாள். அந்தச் சொல்லை அவ்வளவு சுத்தமாக அவள் சொல்லிக் கேட்டது அதுதான் முதல்தடவை.

“தெரியும்மா. உங்கம்மாவுக்கு ஆகும்னு என் கையாலதானே அடுக்குனேன். எனக்கு மட்டும் ஆகாதுன்னு நல்ல மரமாப் பாத்துப் போட்டுக்கிட்டுப் போய் அவ பக்கத்துல படுக்கச் சொல்றியா? எந்த முகத்தோட படுப்பேன்?”

 ஹஜ்ரத்திடம் நான் இதைக் கேட்கவில்லை. கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று தெரியும். மகள்தான் கடைசியில் முடிவு செய்யப்போகிறவள், அதனால் அவளிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோக முதல் பலகையை நான் ஒரு முனையில் தூக்கினேன். மறுமுனை தரையில் இழுபட்டது. ரெய்ஹானா வந்து குனிந்து அதைப் பிடித்தாள்.

“ரொம்ப வெயிட் அத்தா.”

“ஆமாம்மா. மரத்தைவிட வெயிட்.”

கார்வரைக்கும் எட்டு நடை நடந்தோம். ஐந்தாவது நடையில் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பலகையைக் கீழே வைக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். எனக்கு அப்போதும் கண்ணில் ஒன்றும் வரவில்லை. அவள் பக்கம் கனம் இறங்காதபடி என் முனையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.